பழைய டீசல் காரின் எண்ணெய்க் கசிவு

இலங்கையிலே மோட்டார்க் கார் என்பது பல குடும்பங்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை மாத்திரம் வாங்கக்கூடிய பொருள். 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025இல் மீண்டும் வழி திறக்கும் வரை, கையிலிருந்த வண்டியைக் காப்பாற்றிக்கொள்வதைத் தவிரப் பலருக்கு வேறு வழியிருக்கவில்லை. ஆதலால் முப்பது ஆண்டைக் கடந்த டீசல் கொரோலாக்கள் இன்றும் நம் வீதிகளில் ஓடுகின்றன. அவற்றுட் பல, நிறுத்திய இடத்திலே கறுப்பாகச் சில துளி எண்ணெயை விட்டுச் செல்கின்றன.

கசிவைக் கண்ட உரிமையாளர் இரு வழிகளில் ஒன்றை நாடுவது வழக்கம். பழைய வண்டி ஒழுகத்தான் செய்யும் என்று சொல்லி, குறையக் குறைய ஊற்றி ஓட்டுபவர் ஒருவர். எஞ்சினை இறக்கி எல்லாவற்றையும் மாற்றிவிடச் சொல்லிக் கராஜில் விட்டுச் செல்பவர் மற்றொருவர். முன்னவர் எஞ்சினை இழக்கக்கூடும். பின்னவர் வீணாகப் பணத்தை இழக்கக்கூடும். எவ்வளவு கசிகிறது, எங்கிருந்து கசிகிறது, ஏன் கசிகிறது என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே முடிவு செய்வது அறிவுடைமை.

முதலாவது, அளவு. இரண்டு லீற்றர் கொள்ளளவுள்ள டீசல் எஞ்சினில் நாலு அல்லது ஐந்து லீற்றர் எண்ணெயே இருக்கும். சமதரையில், எஞ்சின் நின்று சிறிது நேரம் சென்றபின், அளவுக் கோலைப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். ஐந்நூறு கிலோமீற்றருக்கு ஒருமுறை எழுதிவந்தால், கசிவு ஒரே நிலையில் நிற்கிறதா, வளர்கிறதா என்பது தெளிவாகும். ஊற்றாமலே எண்ணெய் மட்டம் உயர்ந்தால் மகிழ்வதற்கில்லை. டீசல் உள்ளே கலந்து எண்ணெயை நீர்த்துப்போகச் செய்கிறது என்பதற்கு அது அடையாளமாகலாம்.

இரண்டாவது, இடம். எண்ணெய் ஓரிடத்திற் கசிந்து, காற்றினால் பின்னே தள்ளப்பட்டு, வேறோரிடத்திற் சொட்டும். எனவே எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைத்துச் சிறிது தூரம் ஓட்டிய பின், ஈரம் தென்படும் மிக உயர்ந்த இடத்தையும் மிக முன்னுள்ள இடத்தையும் தேட வேண்டும். மேல் மூடியின் கஸ்கெற்றிலிருந்து வருவதாயின் செலவு சிறிது, வேலையும் எளிது. அடிப்பாத்திரத்தின் விளிம்பில் வெறும் ஈரம் படர்ந்திருந்தால் கவனித்துக்கொண்டு பொறுத்திருக்கலாம். எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையிலுள்ள பின்புறச் சீல் கசிந்தால், கியர்ப் பெட்டியைக் கழற்றியாக வேண்டும். கிளச் வழுக்காதிருக்குமாயின், அடுத்தமுறை கிளச் தட்டு மாற்றும்போது அதனையும் சேர்த்து மாற்றுவது சிக்கனம்.

ஒரு நாளும் தள்ளிப்போடக்கூடாத கசிவுகளும் உள. முன்புறச் சீல்களிலிருந்து வரும் எண்ணெய் டைமிங் பெல்ற்றை நனைக்கும். நனைந்த பெல்ற் ஊறி, வலுவிழந்து, அறுந்துபோகலாம். டீசல் எஞ்சினில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி மிகக் குறைவாதலால், பெல்ற் அறுந்த கணமே இரண்டும் மோதும். சிறிய சீல் ஒன்றின் பெறுமதியை மிச்சம்பிடிக்கப்போய் எஞ்சினின் மேற்பாகம் முழுவதையும் இழக்க நேரிடும். சீலை மாற்றும்போது பெல்ற்றையும் மாற்றுவதே முறை.

பல டீசல் கார்களில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்பு, மின்பிறப்பாக்கியின் பின்னால் பொருத்தப்பட்டிருக்கும். அதற்கு எஞ்சின் எண்ணெய் அழுத்தத்துடன் ஒரு குழாய் வழியே செல்கிறது. அந்த இறப்பர்க் குழாய் வெடித்தால் எண்ணெய் முழுவதும் மிக விரைவில் வெளியேறிவிடும். சூடான புகைக் குழாயின் மேற் சொட்டும் எண்ணெயோ தீப்பிடிக்கக்கூடியது. ஓடும்போது எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தால், வீடு வரை போய்ச் சேரலாம் என்று எண்ணாது, பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

மூன்றாவது வினாவே பெரும்பாலோர் கேட்க மறப்பது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தால், எரிந்த வாயு கீழே இறங்கி எஞ்சினின் உள்ளறையில் அழுத்தத்தை உண்டாக்கும். அந்த அழுத்தம் எந்தச் சீல் பலவீனமோ அதன்வழி எண்ணெயைத் தள்ளும். ஒன்றை மாற்றினால் மற்றொன்று கசியும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் தளர்த்திப் பார்த்தால், புகை விசையுடன் குமுறி வருவது இதனைக் காட்டிக்கொடுக்கும். முதலில் அவ்வாயு வெளியேறும் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதனைத் துப்புரவாக்கினாலே சில கசிவுகள் நின்றுவிடும். அடைப்பில்லாமலும் புகை தள்ளினால், சீல்களுக்குச் செலவிடுவதை நிறுத்தி, அமுக்க அழுத்தத்தை அளப்பித்து, எஞ்சினைப் பழுதுபார்ப்பதா வண்டியைக் கைவிடுவதா என்று சிந்திக்க வேண்டும். கசிவை அடைக்கும் என்று விற்கப்படும் திரவங்கள் தேய்ந்த வளையத்தைப் புதிதாக்கமாட்டா.

பொறுத்திருக்கத் தீர்மானித்தாலும், சொட்டுவதை நிலத்தில் விடலாகாது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின்மேல் அமைந்தது. அங்கே குடிநீர் பெரும்பாலும் கிணற்று நீரே. சுன்னாகத்திலே கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019இல் தீர்ப்பளிக்கப்பட்டது. அது மின்னிலையம் சம்பந்தப்பட்ட பெரிய விடயமெனினும், முற்றத்திற் சொட்டும் எண்ணெயும் மழையோடு இறங்கும் இடம் அதே நிலந்தான். வண்டியின் கீழ் மணலோ மரத்தூளோ இட்ட தகரத் தட்டொன்றை வைத்தால் நிலம் காக்கப்படும். நாள்தோறும் அத்தட்டைப் பார்ப்பவருக்கு, கசிவு வளர்கிறதா என்ற செய்தியும் கராஜுக்குப் போகாமலே கிடைத்துவிடும்.