சினைப்பைப் புற்றுநோயும் செடி மருந்தும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க. "புற்றுநோய்க்குப் போடுற ஊசி மருந்தை நித்தியகல்யாணிச் செடியில இருந்துதானே எடுக்கிறாங்க. அது நம்ம வாசல்லயே பூத்துக் கிடக்குது. இலையை அரைச்சுக் குடிச்சா போதாதா?" அவங்க குழுவில் ஒரு உறுப்பினருக்கு சினைப்பையில் கட்டி. மூலிகைப் பொடி வாங்க உள்கடன் கேட்டு மனு கொடுத்திருந்தாங்க. நான் நர்ஸா இருந்தவள் என்பதால், இதற்குப் பதில் சொல்லும்படி தலைவி என்னைக் கேட்டுக்கொண்டாங்க.

அந்த அக்கா சொன்னதில் பாதி உண்மை. 1950களில் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் ராபர்ட் நோபிளுக்கு ஜமைக்காவில் இருந்து நித்தியகல்யாணி இலை வந்து சேர்ந்தது. அங்கேயும் நம்ம ஊர் மாதிரியே சர்க்கரை நோய்க்கு அந்த இலையைக் குடிப்பாங்க. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள்தான் குறைந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்று இரண்டு மருந்துகள் கிடைத்தன. இன்றைக்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் கொடுக்கிறாங்க.

இதில் கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்த இலையில் நூற்றுக்கு மேற்பட்ட சரக்குகள் கலந்து கிடக்கின்றன. வின்கிரிஸ்டின் இருப்பது மிக மிகக் கொஞ்சம். ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். பெரியவங்களுக்கே ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகப் போட மாட்டாங்க. அதுவும் நரம்பில்தான். அரைத்துக் குடித்தால் எது எவ்வளவு உள்ளே போகுதுன்னு யாருக்குத் தெரியும்? புற்றுநோய்க்குப் போதாது, ஆனால் உடம்பைக் கெடுக்கப் போதும்.

சினைப்பைப் புற்றுநோய்க்கு முக்கியமான செடி மருந்து வேறு. பேர் பாக்லிடாக்செல். அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் யூ என்று ஒரு மரம். 1962ல் அதன் பட்டையை உரித்து ஆராய்ச்சிக்கு அனுப்பினாங்க. அதில் இருந்து மருந்தைப் பிரித்தெடுத்த இருவரில் ஒருவர் நம்ம நாட்டுக்காரர், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வானி. 1971ல் அது என்ன பொருள் என்று வெளியிட்டாங்க. 1992ல்தான் சினைப்பைப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முப்பது வருஷம்! ஒரு நோயாளிக்கு வேண்டிய மருந்துக்கே பல மரங்களின் பட்டை தேவைப்பட்டது. பிறகு மரத்தை வெட்டாமல் இலையில் இருந்து எடுக்கும் வழி வந்தது. இப்போது நம் நாட்டுக் கம்பெனிகளே தயாரிக்கின்றன.

அது எப்படி வேலை செய்யுதுன்னு நெசவுக்காரங்களுக்குச் சொல்வது சுலபம். நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே மெல்லிய இழைகள் உருவாகி, இரண்டு பக்கமும் இழுத்துப் பிரித்துவிட்டு, அப்புறம் கலைந்துவிடும். நித்தியகல்யாணி மருந்து அந்த இழையையே உருவாக விடாது. யூ மர மருந்து, உருவான இழையைக் கலைய விடாது. சிக்கு விழுந்த பாவு மாதிரி செல் அப்படியே நின்று செத்துப்போகும். வேகமாகப் பெருகுகிற முடி வேருக்கும் ரத்த அணுவுக்கும் அதே கதிதான். அதனால்தான் முடி கொட்டுது. முடி திரும்ப வளரும், பயப்படாதீங்க.

இந்த மருந்து தண்ணீரில் கரையாது. ஆமணக்கு எண்ணெயில் இருந்து செய்த ஒரு திரவத்தில் கரைத்துத்தான் பல காலமாக ஏற்றுகிறாங்க. அது சிலருக்கு ஒத்துக்காது, அதற்காக முன்னாடியே வேறு ஊசி போடுவாங்க. கூட கார்போபிளாட்டின் என்ற மருந்தும் உண்டு. அது செடி இல்லை, நகைக்கடையில் விற்கிற பிளாட்டினத்தில் இருந்து வருவது. பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு, மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக ஆறு தடவை.

நம்ம ஊருக்காக ஒன்று தனியாகச் சொல்கிறேன். இந்த மருந்தால் விரல் நுனி மரத்துப்போகலாம். தார் சுத்துறவங்களுக்கும், பாவு பிணைக்கிறவங்களுக்கும், கோர்வைக்குத் துணை உட்காருறவங்களுக்கும் பிழைப்பே விரல் நுனியில்தான். "எனக்கு இந்த வேலை, இழை கைக்குத் தட்டுப்பட மாட்டேங்குது" என்று முதல் தடவையே டாக்டரிடம் சொல்லிடுங்க. அளவைக் குறைப்பாங்க, இல்லை மருந்தை மாற்றுவாங்க. ஊசி போடுற நாட்களில் வீட்டில் வேறு கஷாயம், பொடி எடுத்தால் அதையும் மறைக்கக் கூடாது. இந்த மருந்தை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல். சில மூலிகைகள் அதில் குறுக்கே நிற்கும்.

சரி, வராமல் தடுக்க ஏதாவது செடி இருக்கா? மஞ்சள் சொல்றாங்க, முள் சீத்தா இலை சொல்றாங்க. ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் இவை புற்று செல்லைக் கொல்வது உண்மை. ஆனால் சாப்பிடுகிற மஞ்சளில் இருந்து ரத்தத்துக்குப் போகும் சத்து ரொம்பக் கம்மி. குழம்பில் போடுங்க, பொடியாக விலை கொடுத்து வாங்காதீங்க. முள் சீத்தாவை நிறைய நாள் எடுத்தால் நரம்பு கெடும் என்ற சந்தேகமும் இருக்கு. சினைப்பைப் புற்றுநோயைத் தடுக்கும் என்று மனிதர்களிடம் நிரூபணமான மூலிகை இதுவரை ஒன்றும் இல்லை.

ஆபத்தைக் குறைப்பதாகத் தெரிந்தவை பிள்ளைப்பேறு, தாய்ப்பால், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன், கருத்தடை மாத்திரை. வேடிக்கை என்னன்னா, அந்த மாத்திரையை முதலில் செய்ததே மெக்சிகோ நாட்டுக் காட்டுக் கிழங்கில் இருந்துதான். ஆனா அதுவும் எல்லோருக்கும் ஏற்றதில்லை, டாக்டர் சொன்னால் மட்டும். அம்மாவுக்கோ அக்காளுக்கோ மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்திருந்தால் அதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்க.

இந்த நோயைப் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் கண்டுபிடிக்கிறாங்க. கர்ப்பப்பை வாய்க்குச் செய்கிற சோதனையில் இது தெரியாது. வயிறு உப்புசம், நாலு கவளத்திலேயே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர். நாம வாயுன்னு நினைச்சு ஓமத் தண்ணி குடிச்சே மூணு மாசத்தை ஓட்டிடுறோம். புதுசா ஆரம்பிச்சு மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால், அதுவும் 50 வயதைத் தாண்டியவங்க, உடனே ஸ்கேன் எடுக்கணும். சி.ஏ.125 என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதுவாங்க.

அதற்கு நாம சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. அறிஞர் அண்ணா 1969ல் புற்றுநோயால் இறந்தார். அவர் பிறந்த ஊர் என்பதால் அவர் பேரிலேயே காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கு. ரேஷன் கார்டு, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றையும் எடுத்துக்கிட்டுப் போங்க.

உள்கடன் மனு விஷயம் குழு முடிவு, நான் தலையிட மாட்டேன். ஆனா பொடிக்கு என்று மனு வந்தால், "ஸ்கேன் எடுத்தாச்சா?" என்று முதலில் கேளுங்க. எடுக்கலைன்னா ஸ்கேனுக்கும் பஸ்ஸுக்கும் அன்றைக்கே கடன் கொடுங்க, கூட ஒரு உறுப்பினரையும் அனுப்புங்க. மனு கொடுத்த அந்த உறுப்பினரைக் கூட்டிக்கிட்டு வர்ற திங்கட்கிழமை நானே காரப்பேட்டைக்குப் போறேன். வேறு யாராவது வர்றதா இருந்தா சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொல்லுங்க, சேர்ந்தே போகலாம்.