வீட்டின் விலை வேறு, வீட்டுக்கு ஆகும் செலவு வேறு

(தஞ்சாவூரில் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புதிய அடுக்குமாடி வீடு வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் வரும் செலவுகளைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். நான் வீட்டுத் தரகரும் அல்ல, வழக்கறிஞரும் அல்ல. எட்டாம் வகுப்புக்குச் சதவீதம் சொல்லிக்கொடுக்கும் கணித ஆசிரியர். இன்று பேசப்போவதும் சதவீதக் கணக்குதான்.

நம் பகுதியில் ஒரு விவசாயியிடம் குறுவை எப்படி என்று கேட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்பதோடு அவர் நிறுத்துவதில்லை. நாற்றங்கால், உழவு, நடவுக் கூலி, களை, உரம், அறுவடை இயந்திர வாடகை, கொள்முதல் நிலையம் வரை வண்டி வாடகை எல்லாவற்றையும் கழித்துவிட்டு, “கையில் நின்றது இவ்வளவு” என்பார். அந்த வீடுகளிலிருந்து படித்து வந்தவர்கள்தாம் நம்மில் பலர். ஆனால் வாழ்நாளில் நாம் செய்யும் மிகப்பெரிய செலவுக்குச் சதுர அடி விலை ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறோம்.

தஞ்சாவூர் 2014-இல் மாநகராட்சி ஆனது; கும்பகோணம் 2021-இல் ஆனது. தனி வீடுகளே வழக்கமாக இருந்த இந்த ஊர்களில் இப்போது அடுக்குமாடிகளும் எழுகின்றன. வாங்குவோரில் நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் கணிசம். காரணம் எளிது. நமக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்கும்.

என்னுடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் ஒரு நாள் விலைப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்து, “சார், இதைக் கொஞ்சம் பாருங்களேன்” என்றார். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் விலை இருந்தது. கடைசி வரியில் சிறிய எழுத்தில் “இதர கட்டணங்கள் தனி” என்று இருந்தது. அந்தக் கடைசி வரியைத்தான் இப்போது நாம் விரித்துப் பார்க்கப்போகிறோம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை. வரி விகிதங்கள் மட்டும் நடைமுறையில் உள்ளவை.

கட்டப்பட்டுவரும் ஒரு வீடு. 1,000 சதுர அடி, சதுர அடிக்கு ரூ.4,400. விலை ரூ.44 லட்சம். கையில் சேமிப்பு ரூ.14 லட்சம், வங்கிக் கடன் ரூ.30 லட்சம். கணக்குச் சரியாக வருகிறது அல்லவா? இனி மேலே சேருங்கள்.

மூடிய கார் நிறுத்துமிடம் ரூ.2,50,000. ஆக ரூ.46,50,000.

அடுத்தது சரக்கு மற்றும் சேவை வரி. 2019 ஏப்ரல் 1 முதல் கட்டுமானத்தில் உள்ள வீடுகளுக்கு வரி 5 சதவீதம். மொத்த விலை ரூ.45 லட்சத்துக்குள்ளும், உள்பரப்பு நம் ஊர் போன்ற இடங்களில் 90 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் 1 சதவீதம் மட்டுமே. நம் வீட்டின் விலை ரூ.44 லட்சம்தானே, 1 சதவீதம் என்றால் ரூ.44,000 தானே என்று தோன்றும். இல்லை. அந்த ரூ.45 லட்சம் வரம்பைப் பார்க்கும்போது கார் நிறுத்துமிடக் கட்டணத்தையும் சேர்த்தே பார்ப்பார்கள். ரூ.46.5 லட்சம் ஆகிவிட்டதால் முழுத் தொகைக்கும் 5 சதவீதம். அதாவது ரூ.2,32,500. கார் நிறுத்துமிடத்தின் விலை இரண்டரை லட்சம். அது கூட்டிக்கொண்டு வந்த வரி ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல்.

பிறகு பத்திரப் பதிவு. முன்பு பிரிபடாத மனைப் பங்குக்கு ஒரு கிரயப் பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று பதிவு செய்தார்கள். 2023 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் புதிய அடுக்குமாடி வீட்டை மனையும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் ஒரே பத்திரமாகப் பதிகிறார்கள். ரூ.50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதற்கு மேல் ரூ.3 கோடி வரை தீர்வை 5 சதவீதம் ஆகிவிடும். நம் வீட்டுக்கு 6 சதவீதம், ரூ.2,79,000. ஏற்கெனவே ஒருவர் வாங்கிய வீட்டை அவரிடமிருந்து மறுவிலைக்கு வாங்கினால் இந்தச் சலுகை இல்லை. 7 சதவீதமும் 2 சதவீதமும் சேர்ந்து 9 சதவீதம்.

மீதியை வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

மின் இணைப்பு, குடிநீர், பாதாளச் சாக்கடை இணைப்பு: ரூ.1,25,000.
பராமரிப்பு வைப்பு நிதியும் இரண்டு ஆண்டுப் பராமரிப்பு முன்பணமும்: ரூ.1,10,000.
வழக்கறிஞர் கருத்துரை, வங்கிக் கட்டணம், அடமானப் பதிவு: ரூ.45,000.
அலமாரி, சமையலறை மரவேலை, விளக்கு, மின்விசிறி, ஜன்னல் கம்பி: ரூ.4,00,000.
கட்டுமானம் நடக்கும் இரண்டு ஆண்டுகளில், வங்கி பகுதி பகுதியாகக் கொடுக்கும் கடனுக்கு 8.5 சதவீத வட்டி: சராசரியாகப் பாதிக் கடன் என்று வைத்தால் ரூ.2,55,000.

கூட்டினால் ரூ.60,96,500. ரூ.44 லட்சத்தைவிட ரூ.16,96,500 அதிகம். ஏறத்தாழ 38.6 சதவீதம். கட்டி முடியும்வரை நாம் இருக்கும் வீட்டுக்கு வாடகை தனி.

இதில் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது? கடன் அதே ரூ.30 லட்சம்தான். ரூ.10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு, முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வீட்டின் மதிப்பில் சேர்த்துக் கடன் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே கையிலிருந்து போட வேண்டியது ரூ.14 லட்சம் அல்ல, ஏறத்தாழ ரூ.31 லட்சம். அந்த 17 லட்சத்துக்குத்தான் நகை அடகுக்குப் போகிறது, கூடுதல் வட்டியில் தனிநபர் கடன் வருகிறது, பிள்ளையின் படிப்புக்கென்று வைத்த பணம் கரைகிறது. ரூ.30 லட்சம் கடனுக்கு 20 ஆண்டுக்கு மாதத் தவணையே ஏறத்தாழ ரூ.26,000. அதற்கு மேல் இன்னொரு தவணை சேர்ந்தால் சம்பளம் வந்த வாரமே தீர்ந்துபோகும்.

இதையெல்லாம் சொல்வது வீடு வாங்காதீர்கள் என்பதற்காக அல்ல. கணக்குப் போட்டால் வழியும் தெரியும். பணி நிறைவுச் சான்று பெற்ற, கட்டி முடித்த வீட்டுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. கட்டுமானக் கால வட்டியும் இல்லை. நம் எடுத்துக்காட்டில் இந்த இரண்டும் சேர்ந்து ரூ.4,87,500. அப்படியானால், கட்டி முடித்த வீடு நான்கு லட்சம் அதிக விலை சொன்னாலும் அது மலிவாக இருக்கக்கூடும். அந்த ஆசிரியை அப்படித்தான் செய்தார். முன்பணம் கொடுப்பதை நிறுத்திவைத்து, இரண்டு இடங்களிலும் எல்லாக் கட்டணங்களையும் எழுத்தில் வாங்கி, இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுத்தார்.

பரப்பளவையும் கேளுங்கள். 1,000 சதுர அடி என்பதில் படிக்கட்டும் மின்தூக்கியும் நடைபாதையும் அடங்கும். சுவருக்குள் நாம் புழங்கும் உள்பரப்பு 720 சதுர அடி என்றால், உண்மையில் சதுர அடிக்கு ஏறத்தாழ ரூ.6,111 கொடுக்கிறோம். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி உள்பரப்பைத்தான் சொல்லி விற்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் 8 வீடுகளுக்கு மேல் கட்டும் திட்டம் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே சரிசெய்து தர வேண்டும். இந்த நான்கும் நம் கையில் உள்ள உரிமைகள்.

இனி நம் மண்ணுக்கே உரிய சில செலவுகள். டெல்டாவில் பல மனைகள் நேற்றுவரை நஞ்சையாக இருந்தவை. 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயு எடுப்பது போன்ற தொழில்களைத் தடுக்கிறது. வயல் வீட்டு மனையாவதை அது தடுக்கவில்லை. களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அஸ்திவாரம் அதற்கேற்ப இல்லாவிட்டால் சுவர் விரிசலுக்குச் செலவு செய்வது நாம்தான். வயலுக்குத் தண்ணீர் பாய்ந்த வாய்க்கால் எங்கே போனது என்று கிராம வரைபடத்திலும் புல வரைபடத்திலும் பாருங்கள். வாய்க்காலை மண் போட்டு மூடலாம், ஐப்பசி மழையின் வழியை மூட முடியாது. முடிந்தால் அடைமழை நாளில் ஒருமுறை அந்தத் தெருவில் போய் நின்று பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் மின்சாரம் இல்லாமல் பல நாள் இருந்தவர்களுக்கு, ஜெனரேட்டரும் நீரேற்றும் மோட்டாரும் எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அவற்றின் செலவும் பராமரிப்புக் கட்டணத்தில்தான் வரும்.

இரண்டாவது, கோயில் நிலம். தஞ்சாவூர் அரண்மனை தேவஸ்தானத்தின் கீழ் மட்டும் 88 கோயில்கள். ஆதீனங்களுக்கும் இங்கே நிறைய நிலம் உண்டு. இந்து சமய அறநிலையத் துறைச் சட்டம் 1959, பிரிவு 34-இன்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை என்பது மட்டும் போதாது. பட்டா, ‘அ’ பதிவேடு, மூலப் பத்திரம் மூன்றையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சில ஆயிரம் ரூபாய்க் கட்டணம் அறுபது லட்சத்தைக் காக்கும். பெரிய கோயில் போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை. அதற்கடுத்த 200 மீட்டரில் முன் அனுமதி வேண்டும். இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு மூன்று செய்திகள். வீடு கட்டும் முன்பணத்தின் உச்சவரம்பு 2023-இல் ரூ.50 லட்சமாக உயர்ந்தது. வங்கிக்குப் போகும் முன் அதையும் விசாரியுங்கள். நடத்தை விதிகள் 1973-இன்படி அசையாச் சொத்து வாங்குவதை உரிய அலுவலருக்கு முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். “வட்டிக்கு வருமான வரி மிச்சம்” என்று யாராவது சொன்னால், நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். புதிய முறையில், குடியிருக்கும் சொந்த வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு இல்லை.

கடைசியாக, இந்தக் கணக்கு நம்மோடு நின்றுவிடக் கூடாது. ஆறாம் வகுப்பில் பட்டியல் பாடம் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் சதவீதமும் சரக்கு மற்றும் சேவை வரியும் கூட்டு வட்டியும் இருக்கின்றன. ஒரு பாடவேளை, பெரிய எழுத்தில் ஒரு விலையும் சிறிய எழுத்தில் “இதர கட்டணங்கள் தனி” என்ற வரியும் கொண்ட தாளைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். “இதை வாங்க மொத்தம் எவ்வளவு வேண்டும்? இன்னும் என்னென்ன கேட்க வேண்டும்?” என்று கேளுங்கள். தொடக்கப் பள்ளியில் வீடு வேண்டாம், மிதிவண்டி போதும். பூட்டு, மணி, காற்றடிக்கும் பம்பு என்று பிள்ளைகளே பட்டியலை நீட்டிக்கொண்டு போவார்கள். நாளை அவர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கடைசி வரியைப் படிப்பார்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் ஒரு முழு வெள்ளைத்தாள், ஒரு பேனா, அரை மணி நேரம். கேட்க வேண்டியது இவ்வளவுதான்.