ஏட்டில் உள்ள குலமும் ஏட்டில் இல்லாத குலமும்



பத்தாண்டு நிறைவு என்றதும், தொடங்கியவர் யார், நாம் யார் வழி வந்தோம் என்ற பேச்சு எழுவது இயல்பு. நம் இலக்கியத்திலும் இப்பேச்சுக்கு இடம் உண்டு. கலிங்கத்துப்பரணி இராச பாரம்பரியத்தைப் பாடுகிறது. கம்பனில் விசுவாமித்திரர் சனகனிடம் இராமனின் குலமுறையைக் கிளத்துகிறார். அரசனுக்கு முன்னோர் வேண்டும், சரி. கவிஞனுக்கு வேண்டுமா? இந்த ஒரு கேள்வியோடு, அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் வாழ்ந்த இரு பெண் கவிஞர்களிடம் உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஒருவருக்குப் பேரரசன் வரை செல்லும் வம்சாவளி உண்டு. மற்றவருக்குத் தாய் தந்தையர் பெயர்கூட எஞ்சவில்லை.

குலவரலாறு தேடுவதை ஒரு துறையாகவே வளர்த்த நிலம் அது. அதற்கென 1845இல் பாஸ்டன் நகரில் ஒரு கழகம் தோன்றியது. 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்கள் 102 பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முதற் குளிர்காலத்திலேயே மடிந்தனர். எஞ்சியவர்களின் வழிவந்தோர் 1897இல் தனிச்சங்கம் கண்டனர். குடியேறிய முன்னோரைக் கண்டடைந்த பின்னும் ஆவல் அடங்குவதில்லை. கடல் கடந்து இங்கிலாந்துக்கும், அங்கிருந்து இடைக்கால மன்னர்களுக்கும் அது தாவுகிறது. பலருக்கு அதன் எல்லை, 800ஆம் ஆண்டு உரோமில் முடிசூடி, 814இல் மறைந்த சார்லமேன் பேரரசன்.

இந்த ஆவலை விற்பனைப் பொருளாக்கியவர்களும் உண்டு. குஸ்தாவ் அஞ்சூ என்பவர், செல்வர் விரும்பிய முன்னோரையெல்லாம் அவர்களுக்குப் புனைந்து விற்றார். பின்வந்த ஆய்வாளர்கள் அந்தப் பொய்களைக் களைய நெடுங்காலம் உழைக்க வேண்டியதாயிற்று.

மெய்யான சங்கிலியும் இருக்கிறது. ஆனால் அதன் முக்கியக் கண்ணிகள் வாளேந்திய ஆடவர் அல்லர், பெண்கள். சார்லமேனின் பேரன் வழுக்கைத்தலைச் சார்லஸ். அவன் மகள் யூடித் இருமுறை கைம்பெண்ணானவள். தந்தையின் சம்மதமின்றிப் பால்ட்வின் என்பவனோடு அவள் உடன்போக்குச் சென்றாள். அவ்வழியில் ஃபிளாண்டர்ஸ் நாட்டுப் பிரபுக்கள் வந்தனர். அக்குலத்துப் பெண் மட்டில்டா, இங்கிலாந்தை வென்ற வில்லியத்தின் மனைவியானாள். அவள் மகன் முதலாம் ஹென்றி. அவன் மகளும் ஒரு மட்டில்டா. அவள் மகனே இரண்டாம் ஹென்றி. இவனுடைய வழித்தோன்றல்களில் இளையவர்களும் பெண்களும் படிப்படியாக எளிய வீட்டாரோடு மணவுறவு கொண்டனர். அந்த வீடுகளிலிருந்துதான் 17ஆம் நூற்றாண்டில் சிலர் கப்பலேறினர்.

அவர்களில் ஒருவர் தாமஸ் டட்லி. அவருடைய மகள் ஆன் பிராட்ஸ்ட்ரீட், 1612இல் பிறந்தவர். 1630இல் ஆர்பெல்லா கப்பலில் தந்தையோடும் கணவரோடும் வந்து, காட்டோரக் குடியேற்றத்தில் எட்டுக் குழந்தைகளை வளர்த்தபடி கவிதை எழுதினார். 1650இல் இலண்டனில் அவருடைய நூல் வெளிவந்தது. ஆங்கில அமெரிக்காவிலிருந்து நூல் கண்ட முதற் கவிஞர் அவரே.

கவிஞர் சர் பிலிப் சிட்னியின் தாய் டட்லி என்னும் பிரபுக் குலத்தவர். சிட்னிக்குப் பாடிய இரங்கற்பாவில் ஆன் அவரோடு இரத்த உறவு கொண்டாடுகிறார். இது 1650ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ளது. அவர் 1672இல் மறைந்தபின், 1678இல் பாஸ்டனில் வந்த பதிப்பில் அந்த வரி மாறியிருக்கிறது. ஆங்கிலேயர் எவரும் சொல்லிக்கொள்ளக்கூடிய பொது உரிமையாக அது சுருங்கிவிட்டது. அந்தப் பிரபுக் குலத்தோடு அவர் தந்தைக்கு இருந்ததாகச் சொல்லப்பட்ட தொடர்பு இன்றளவும் ஐயமற நிறுவப்படவில்லை. ஆய்வாளர்கள் பின்னாளில் கண்டறிந்த அரசவழி வேறு. தந்தையின் தாய் வழியாக அது இரண்டாம் ஹென்றியிடம் செல்கிறது. கொண்டாடிய உறவு கைக்கு எட்டவில்லை. அறியாத உறவு பாட்டியின் வீட்டில் இருந்தது.

இனி மற்றவர். 1761இல் பாஸ்டன் துறைமுகத்தில், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறுமி அடிமையாக விற்கப்பட்டாள். முன்பற்கள் விழுந்திருந்ததைக் கண்டு வயது ஏழு இருக்கும் என்று கணித்தனர். அவளைச் சுமந்துவந்த கப்பலின் பெயர் பிலிஸ். வாங்கியவரின் குடும்பப் பெயர் வீட்லி. பிலிஸ் வீட்லி என்பதே அவள் பெயராயிற்று. ஏற்றிவந்த கப்பலும் விலைகொடுத்த வீடும் சேர்ந்து ஒரு கவிஞரின் பெயராக அமைந்தன.

1773இல் அவருடைய நூலும் இலண்டனிலேயே வெளிவந்தது. கவிதைகளை எழுதியவர் அவரே என்று பாஸ்டன் பெருமக்கள் 18 பேர் கையொப்பமிட்ட சான்று அதில் உண்டு. கையொப்பமிட்டவர்களில் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனும் ஒருவர். அவர், 1638இல் சமயக் கருத்துக்காக அக்குடியேற்றத்திலிருந்து நாடுகடத்தப்பட்ட ஆன் ஹட்சின்சனின் வழிவந்தவர். அந்த அம்மையாரும் அரச மரபு நிறுவப்பட்டவரே. குலம் எழுதப்பட்டவர், குலம் அழிக்கப்பட்டவருக்குச் சான்றளித்த காட்சி அது.

டார்ட்மவுத் பிரபுவுக்கு எழுதிய கவிதையில், தம்மைப் பறிகொடுத்த தந்தையின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்று பிலிஸ் எண்ணிப் பார்க்கிறார். தந்தையின் பெயரைச் சொல்லவில்லை. துயரத்தை மட்டும் சொல்கிறார். அவர் நமக்கு விட்டுச்சென்ற வம்சாவளி அதுதான்.

சற்றே கணக்குப் பார்ப்போம். பெற்றோர் இருவர், அவர்தம் பெற்றோர் நால்வர் என்று இரட்டித்துக்கொண்டே போனால், சார்லமேன் காலத்துக்குரிய நாற்பதாம் தலைமுறையில் முன்னோர் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் கோடி ஆகின்றனர். அத்தனை மக்கள் உலகில் இருந்ததே இல்லை. ஆகவே, ஒரே முன்னோர் ஒருவரது மரத்தில் எண்ணற்ற முறை திரும்பத் திரும்ப வருகின்றனர். புள்ளியியலறிஞர் ஜோசப் சாங் 1999இல் இதனை ஆராய்ந்து காட்டினார். ஐரோப்பிய வழியினர் ஏறக்குறைய அனைவருமே சார்லமேனின் வழிவந்தோர் என்பதே இதன் விளைவு. அவனுடைய ஏவலாளருக்கும் சந்ததி நிலைத்திருந்தால், அந்த ஏவலாளரும் அப்படியே அனைவருக்கும் முன்னோர். எனவே இரத்தத்தில் பெருமை கொள்ள ஏதுமில்லை. எழுதி வைத்த ஏடு உண்டா இல்லையா என்பதே வேற்றுமை. 1850, 1860 ஆண்டுகளின் அமெரிக்கக் கணக்கெடுப்பில் அடிமைகள் பெரும்பாலும் உடையவரின் பெயருக்குக் கீழே வயதாகவும் பாலாகவும் நிறமாகவும் மட்டுமே குறிக்கப்பட்டனர். அவர்களுக்கும் முன்னோர் இருந்தனர். எழுதத்தான் கையில்லை.

அன்பர்களே, மரபு என்ற நம் சொல் குலத்தையும் குறிக்கும், கவிதையின் வழியையும் குறிக்கும். முன்னதைப் பிறப்பு தருகிறது. பின்னதைப் படிப்பு தருகிறது. பிலிஸ் வீட்லி போப்பையும் மில்டனையும் படித்துத் தம் முன்னோராக்கிக்கொண்டார். அதற்கு எந்த ஆளுநரின் கையொப்பமும் தேவைப்படவில்லை.

நம் வட்டத்தின் பத்தாண்டு ஏடுகளையும் அப்படியே காப்போம். அவற்றில் பெயர் விடுபட்டவர்கள் இருந்தால், தேநீர் கொண்டுவந்தவர் முதல் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டுச் சென்றவர் வரை, அவர்கள் பெயரையும் இன்றே எழுதிச் சேர்ப்போம்.