ராமா வந்தபோது புதன்காரர்கள் செய்தது

(நம் குடியிருப்பின் வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

விண்வெளி நாவல் பற்றிப் பேசப்போகிறேன் என்று நோட்டீஸ் போட்டதும், "சார், அது பிள்ளைங்க சமாச்சாரமாச்சே" என்று லிஃப்டிலேயே ஒருவர் கேட்டுவிட்டார். பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் இந்தக் கதையில் பாதி கமிட்டிக் கூட்டம். அதனால் நமக்கும் ஒத்துவரும்.

நாவலின் பெயர் 'ராண்டெவூ வித் ராமா'. ராமாவுடன் ஒரு சந்திப்பு என்று சொல்லலாம். 1973இல் வந்தது. ஹியூகோ, நெபுலா என்று அறிவியல் புனைகதைக்கு உள்ள பெரிய விருதுகள் இரண்டையும் வாங்கியது. எழுதிய ஆர்தர் சி. கிளார்க் ஆங்கிலேயர்தான். ஆனால் 1956இல் இலங்கைக்கு வந்தவர், 2008இல் இறக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டார். அவரை இழுத்தது கடல். சம்பந்தர் பாடிய திருகோணமலைக் கோணேசர் கோயிலைப் போர்ச்சுகீசியர் இடித்துத் தள்ளினார்கள் அல்லவா? அதன் கற்களைக் கடலுக்கடியில் போய்ப் பார்த்தவர்களில் கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் உண்டு. ஆளில்லாத, இருட்டான ஒரு பெரிய கட்டடத்துக்குள் டார்ச்சோடு நுழைகிற உணர்வு இந்த நாவல் முழுக்க இருக்கிறது. அது கோணேசர் மலையடியில் கிடைத்தது என்பது என் ஊகம்.

கதை 2130களில் நடக்கிறது. மனிதர்கள் பூமியில் மட்டும் இல்லை. நிலா, செவ்வாய், புதன் எல்லாவற்றிலும் குடியேறிவிட்டார்கள். அப்போது வெளியே எங்கிருந்தோ ஒரு பொருள் சூரியனை நோக்கி வருகிறது. விண்கல் என்று நினைக்கிறார்கள். கிரேக்க, ரோமானியக் கடவுள் பெயர்களெல்லாம் தீர்ந்துபோனதால் நம் சாமி பெயர்களுக்கு வந்து, 'ராமா' என்று வைக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் கல் இல்லை. யாரோ செய்த உருளை. சுமார் 50 கி.மீ. நீளம், 20 கி.மீ. அகலம். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது. நார்ட்டன் என்ற கேப்டன் தன் ஆட்களோடு உள்ளே இறங்குகிறார். உள்ளே உறைந்த கடல், நகரம் மாதிரி கட்டடங்கள். ஆள் ஒருவரும் இல்லை. அந்த வர்ணனையெல்லாம் நான் சொல்லிக் கெடுக்க மாட்டேன், படித்துக்கொள்ளுங்கள்.

நான் பேச வந்தது புதன் கிரகத்துக்காரர்களைப் பற்றி. ராமா சூரியனை நெருங்க நெருங்க அவர்களுக்குப் பயம் வருகிறது. இந்த வண்டி இங்கேயே தங்கிவிட்டால்? நம்மை அடக்கி ஆண்டால்? நிலாவில் உட்கார்ந்திருக்கும் ராமா கமிட்டி பேசிக்கொண்டே இருக்கிறது. அதில் போஸ் என்று ஒருவர், பெரேரா என்று ஒருவர். கிளார்க் நம் பக்கத்து ஆட்களை மறக்கவில்லை. புதன்காரர்கள் யாரையும் கேட்காமல் ராமாவுக்குப் பக்கத்தில் ஓர் அணுகுண்டு ஏவுகணையைக் கொண்டுவந்து நிறுத்தி, 'எல்லாரும் விலகிக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். நார்ட்டனின் குழுவில் ராட்ரிகோ என்று ஒருவன், பக்திமான். அவன் போய்க் குண்டின் கம்பிகளை வெட்டிவிடுகிறான். புதனிலிருந்து ஒரு உத்தரவு வந்து சேரச் சில நிமிடம் ஆகும் என்பதுதான் அவனுக்குக் கிடைத்த அவகாசம். மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தேன்.

கிளார்க் ராட்ரிகோ பக்கம். படிக்கிறவர்களும் பெரும்பாலும் அப்படித்தான். எனக்குப் புதன்காரர்கள் மேல் முழுக்கக் கோபம் வரவில்லை. நாம் இருக்கும் இடம் அப்படி.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கண் எரிய மூச்சு முட்ட ஓடினார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதன் பிறகு ஆலையை மூடு என்று மீனவக் கிராமங்கள் உட்கார்ந்தபோது, 'பொறுமையாக ஆய்வு செய்து பார்க்கலாமே' என்று சொன்னவர்கள் யார்? தூரத்தில் இருந்தவர்கள். ராமாவின் பாதைக்குக் கிட்டே வீடு வைத்திருப்பவன் புதன்காரன். பூமியில் உட்கார்ந்து அவனுக்குப் பொறுமை போதிப்பது சுலபம்.

பயத்துக்கும் காரணம் வைத்திருக்கிறார் கிளார்க். நாவலின் முதல் அத்தியாயமே 2077இல் இத்தாலியில் விழும் ஒரு விண்கல். ஆறு லட்சம் பேர் போகிறார்கள். அதற்கப்புறம்தான் வானத்தைக் கண்காணிக்க 'ஸ்பேஸ்கார்டு' என்று ஒரு திட்டம் வருகிறது. அந்தக் கற்பனைப் பெயரையே 1992இல் நாசாவின் நிஜ அறிக்கை ஒன்று எடுத்துக்கொண்டது.

ஆனாலும் குண்டு சரியா? இங்கே என் பேங்க் புத்தி குறுக்கே வருகிறது, மன்னிக்கவும். யாருடைய பணம், எதற்கு வந்தது என்று தெரியாத தொகையை வரவிலும் எழுத முடியாது, திருப்பியும் அனுப்ப முடியாது. சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோம். காமர்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு அனாமத்துக் கணக்கு என்றால் தெரியும். ராமாவுக்கு அதுதான் சரியான இடம். புதன்காரர்கள் ஒரே நாளில் கணக்கை முடிக்கப் பார்த்தார்கள், அது தப்பு. ஆனால் அனாமத்தில் போட்டதை அப்படியே விட்டுவைத்தால் ஆடிட்டர் விடமாட்டார். என்ன ஆயிற்று, யார் பார்த்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நிலாவிலிருந்த கமிட்டி அந்த வேலையைச் செய்யவில்லை. புதனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, 'உங்கள் பக்கம் திரும்பினால் இதைச் செய்வோம்' என்று ஒரு வார்த்தை உறுதி கொடுக்கவில்லை. கிளார்க் இதை எழுதாமல் தாண்டிப் போய்விட்டார் என்பது என் குறை.

கடைசியில் ராமா என்ன செய்கிறது? யாரையும் தாக்கவில்லை, வணக்கமும் சொல்லவில்லை. சூரியனிடம் வேண்டியதை எடுத்துக்கொண்டு தன் வழியே போய்விடுகிறது. நம் கொருக்குப்பேட்டை கேட்டில் நின்றவர்களுக்கு இது புரியும். வேகன் வேகனாக கூட்ஸ் போகும். இந்தப் பக்கம் ஆட்டோவில் பிரசவத்துக்குப் போகும் பெண் இருப்பாள், பரீட்சைக்குப் போகும் பையன் இருப்பான். வண்டிக்கு அவர்கள் மேல் விரோதம் ஒன்றும் கிடையாது. அது போகும் இடம் வேறு. வேற்றுக்கிரகத்துக்காரன் வந்தால் சண்டை போடுவான், இல்லை நட்பாவான் என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்தது. நம்மைக் கவனிக்கவே மாட்டான் என்று கிளார்க் எழுதியது எனக்கு அதைவிட உறைத்தது.

2017 அக்டோபரில் ஹவாய்த் தொலைநோக்கியில் நிஜமாகவே அப்படி ஒன்று தெரிந்தது, 'ஓமுவாமுவா'. வேறு நட்சத்திரப் பக்கமிருந்து வந்ததாக நாம் கண்டுபிடித்த முதல் பொருள். நாம் பார்ப்பதற்குள் அது சூரியனைச் சுற்றிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. 2019இல் ஒன்று, 2025 ஜூலையில் ஒன்று என்று மொத்தம் மூன்று வந்தாயிற்று.

நாவல் எளிய ஆங்கிலம், அத்தியாயங்கள் சின்னச் சின்னவை. பிளஸ் ஒன் பிள்ளைகள் தாராளமாகப் படிக்கலாம். ஜென்ட்ரி லீ என்பவரோடு சேர்ந்து பின்னால் வந்த மூன்று பாகங்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அந்த ருசி அதில் இல்லை. என் பிரதியை சங்க அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறேன். நோட்டில் பெயரும் ஃபிளாட் எண்ணும் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டு, புதன்காரன் செய்தது சரியா தப்பா என்று பக்கத்திலேயே இரண்டு வரி எழுதி வைத்தால் அடுத்த கூட்டத்தில் அதை வைத்தே சண்டை போடலாம்.