டீ குடிச்சுட்டு மொய் எழுதுங்க, கணக்கை அன்னிக்கே ஊர் முன்னால வைக்கிறோம்

(பேரூர் ஊழியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத தோழர்கள் கேட்டதால் முழுமையாகப் பதிவிடுகிறோம். படித்துவிட்டு உங்கள் வார்டு குழுவில் பகிருங்கள்.)



இன்னிக்கு நான் யாரையும் திட்டிப் பேசப் போறதில்லை. கைதட்டல் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும், பரவாயில்லை. வர்ற ரெண்டு மாசத்துல நம்ம ஊர்ல மூணு வேலை இருக்கு. ஒன்னு ரத்ததான முகாம். ரெண்டாவது, நம்ம அரசு பெண்கள் பள்ளிக்காக மொய்த்தேநீர். மூணாவது, குளக்கரையில் பனை விதை நடவு. இந்த மூணையும் எப்படிச் செய்யப்போறோம், எதைச் செய்யக்கூடாதுன்னு மனசு விட்டுப் பேசத்தான் கூடியிருக்கோம்.

முதல்ல ரத்ததானம். வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு ஆரம்பம். அரசு மருத்துவமனை ரத்த வங்கி ஊழியர்களே வந்து எடுக்கிறாங்க. வயசு 18-லிருந்து 65 வரை இருக்கணும், எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது. ஹீமோகுளோபின் 12.5 இருக்கணும், அதை அங்கேயே பார்த்துருவாங்க. ஆண்கள் போன தடவை கொடுத்து 90 நாள், பெண்கள் 120 நாள் ஆகியிருக்கணும். பச்சை குத்தி ஒரு வருசம் ஆகாத தம்பிங்க அடுத்த முறை வாங்க. வெறும் வயித்தோட யாரும் வரக்கூடாது, ரெண்டு இட்லியாவது சாப்பிட்டு வாங்க. முந்தின நாள் ராத்திரி "பார்ட்டி" முடிச்சவங்களும் வரவேண்டாம், நான் யாரைச் சொல்றேன்னு அவங்களுக்கே தெரியும்.

இதுல நம்ம பக்கத் தப்பு ஒன்னையும் சொல்லணும். தலைவர் பிறந்தநாள் அன்னிக்கு நூறு பேர் வரிசையில நின்னு ரத்தம் கொடுக்கிறோம், போட்டோ எடுக்கிறோம், பதிவு போடுறோம். ரத்தச் சிவப்பணு 35 நாளிலிருந்து 42 நாள் வரைதான் தாங்கும். தட்டணு அஞ்சு நாள்தான். மழை ஆரம்பிச்சு டெங்கு வர்ற நேரத்துல தட்டணு தேவைப்படுது. கிழக்குக் கடற்கரைச் சாலையில விபத்து நம்ம பிறந்தநாள் தேதியைப் பார்த்து வர்றதில்லை. பிரசவத்துல ரத்தப்போக்கும் அப்படித்தான். அதனால இந்தத் தடவை எல்லாரும் ஒரே நாள்ல கொடுக்க வேண்டாம். பாதிப் பேர் இந்த ஞாயிறு, மீதிப் பேர் ஐப்பசியில. அந்த ரெண்டாவது பட்டியல்ல பேர் கொடுக்கிறவங்களுக்கு மேடையும் கிடையாது, போட்டோவும் கிடையாது. ராத்திரி 2 மணிக்குப் போன் வந்தாலும் எடுக்கிறவங்கதான் எனக்கு வேணும்.

அடுத்தது மொய்த்தேநீர். இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன்.

மொய்விருந்து நம்ம மண்ணுக்குப் புதுசு இல்லை. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் ஆடி பொறந்தா பந்தல் போட்டு, ஆட்டுக்கறி சமைச்சு, நாலைஞ்சு பேர் சேர்ந்து விருந்து வைப்பாங்க. இலைக்குப் பக்கத்துல மொய் எழுதுற மேசை இருக்கும். ரூபாய் எண்ணுற இயந்திரம் வெச்சு எண்ணுற அளவுக்கு அது வளர்ந்ததையும் பார்த்தோம். அந்தப் பணத்துல ஆழ்துளைக் கிணறு போட்டவன் உண்டு, பிள்ளையைப் படிக்க வெச்சவன் உண்டு, கடை வெச்சு நிமிர்ந்தவன் உண்டு. வாங்குனதைத் திருப்பிச் செய்ய முடியாம தலை குனிஞ்சவனும் உண்டு. 2018 நவம்பர்ல கஜா அடிச்சுத் தென்னையெல்லாம் வேரோட சாஞ்ச பிறகு, மொய் நோட்டைத் திறக்கவே பயந்த வீடுகளை நாம பார்த்திருக்கோம்.

ஆனா அதே மொய்யை ஊர் நல்லதுக்கும் திருப்பிக் காட்டினது நம்ம வட்டாரம்தான். கொரோனா காலத்துல வடகாடு பக்கம் ஒரு சாதாரண டீக்கடைக்காரர், கடைக்கு வர்றவங்களுக்கு டீ கொடுத்து, மொய்ப் பாத்திரம் வெச்சு நிவாரணத்துக்குப் பணம் சேர்த்தார். அவர்கிட்டக் கத்துக்கிட்டதுதான் இந்த மொய்த்தேநீர். ஆடி கடைசி ஞாயிறு, பேருந்து நிலையம் எதிர்ல, காலை 6 மணியிலிருந்து மதியம் 1 மணி வரை. கறி இல்லை, பந்தி இல்லை. ஒரு டீ, ஒரு சுண்டல். மனசுல பட்டதைப் பாத்திரத்துல போட்டுட்டுப் போகலாம். ஒன்னும் போடாம டீயை மட்டும் குடிச்சுட்டுப் போனாலும் யாரும் ஒரு பார்வை பார்க்கக் கூடாது.

எதுக்கு இந்தப் பணம்? நம்ம பெண்கள் பள்ளியில கழிப்பறை கட்டடம் இருக்கு. தண்ணி இல்லை. மோட்டார் பழுதாகி, மேல்நிலைத் தொட்டி விரிசல் விட்டு, குழாய் உடைஞ்சு கிடக்கு. நம்ம வார்டுல ஒரு அம்மா என்கிட்டச் சொன்னாங்க: "எம் பொண்ணு காலையில இருந்து சாயங்காலம் வரை தண்ணியே குடிக்கிறதில்லை தம்பி. குடிச்சா போகணும், போனா தண்ணி இல்லை." எட்டாவது படிக்கிற புள்ள. மாசத்துல மூணு நாள் பள்ளிக்கூடத்துக்கே போறதில்லை. அதுக்கும் காரணம் இதுதான்.

மோட்டார், தொட்டி, குழாய், குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் எல்லாம் சேர்த்து பள்ளி மேலாண்மைக் குழு போட்ட மதிப்பீடு 3 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அதுதான் நம்ம இலக்கு.

"அரசாங்கம் செய்ய வேண்டியதை நாம எதுக்குச் செய்யணும்?"னு ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. மனு கொடுத்தாச்சு, ரசீது கையில இருக்கு. அதை விடப்போறதில்லை, கேட்டுக்கிட்டே இருப்போம். ஆனா கோப்பு மேசை மேசையா நகர்ந்து முடியறதுக்குள்ள அந்தப் புள்ள பன்னிரண்டாவது முடிச்சுட்டுப் போயிரும். உரிமையைக் கேட்கிறதும் கையைக் கொடுக்கிறதும் ஒன்னுக்கொன்னு எதிரி இல்லை. 1956-ல காமராசர் மதிய உணவைத் தொடங்கினப்போ ஊர் மக்களும் அரிசி, காய்கறி, பணம்னு கொடுத்தாங்க. நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறைக்கு இயக்குநரா இருந்தப்போ பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்துச்சு. பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், இடம்னு ஊரே கொண்டுவந்து கொடுத்துச்சு. அந்தப் பள்ளிக்கூடங்கள்ல படிச்சவங்க பேரப்பிள்ளைகள்தான் நாம.

இப்போ முக்கியமான விஷயம். பணம்.

போன வருசம் குடிசைகள் தீப்பிடிச்சப்போ நாம வசூல் பண்ணோம். ஒரு ரூபாய் குறையாம கொண்டுபோய்க் கொடுத்தோம். அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஊருக்குத் தெரியுமா? கணக்கை வெளியிட நாலு மாசம் ஆக்கிட்டோம். வாரச்சந்தையில கருவாடு விக்கிற ஒரு ஆத்தா என்னை நிறுத்திக் கேட்டுச்சு: "ஏந்தம்பி, நான் குடுத்த அம்பது ரூபா அந்தப் புள்ளைகளுக்குப் போய்ச் சேந்துச்சா?" என் சட்டைப்பையில அதுக்குக் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை. "சேந்துச்சு ஆத்தா"ன்னேன். அது என் மூஞ்சியையே பார்த்துச்சு. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். நேர்மையா இருந்தும் நேர்மையில்லாதவன் மாதிரி நின்னேன். அந்தத் தப்பு என்னுடையது. இனி நடக்கக் கூடாது.

அதனால இந்தத் தடவை சில கட்டுப்பாடு. கண்டிப்பா கடைப்பிடிக்கணும்.

ஒன்னு. பணம் கட்சிக் கணக்குக்கு வராது. பள்ளி மேலாண்மைக் குழுவோட வங்கிக் கணக்குக்கு நேராப் போகும். கைபேசியில அனுப்புறவங்க, பணம் போடுறதுக்கு முன்னாடி திரையில பள்ளிப் பேர் வருதான்னு பாருங்க. தனி ஆள் பேர் வந்தா அனுப்பாதீங்க, அது என் பேராவே இருந்தாலும் சரி.

ரெண்டு. பாத்திரத்தை மதியம் 1 மணிக்கு அதே இடத்துல, எல்லார் முன்னாடியும் எண்ணுவோம். தலைமையாசிரியர், மேலாண்மைக் குழுத் தலைவர், வணிகர்கள் சார்புல ஒருத்தர், மாற்றுக் கட்சி நண்பர் ஒருத்தர், நாலு பேரும் கையெழுத்துப் போடணும். ஆமா, மாற்றுக் கட்சிதான். அவர் வீட்டுப் புள்ளையும் அங்கதான் படிக்குது. தொகையைக் கரும்பலகையில எழுதி, அன்னிக்கு ராத்திரியே இந்தப் பக்கத்துல போடுவோம். மறுநாள் வங்கியில கட்டின ரசீதும் வரும்.

மூணு. டீத்தூள், பால், சர்க்கரை, சுண்டல் செலவு நம்ம நிர்வாகிகள் சொந்தப் பணம். பாத்திரத்துல விழுந்ததுல ஒரு ரூபாய்கூட அதுக்குத் தொடக்கூடாது. பிளெக்ஸ் பேனர் கிடையாது. பேனருக்கு ஆகிற காசுல பத்து குழாய் வாங்கலாம்.

நாலு. கடை கடையா ஏறி வசூல் பண்ணக் கூடாது. நாலு பேர் துண்டோட போய் நின்னா, கடைக்காரர் பயத்துல கொடுப்பார். அதுக்குப் பேரு நன்கொடை இல்லை. அழைப்பிதழைக் கொடுத்து, கும்பிட்டுட்டு வாங்க. "குறைஞ்சது ஆயிரமாவது"ன்னு யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. கஜாவுக்குப் பிறகு நட்ட கன்னு இப்பதான் பாளை தள்ளிக்கிட்டிருக்கு, மறந்துடாதீங்க.

அஞ்சு. மைக்கில பேரும் தொகையும் வாசிக்க மாட்டோம். மொய்விருந்துல அது முறை, ஏன்னா அது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். இது கடன் இல்லை. பத்து ரூபாய் போட்டவரும் பத்தாயிரம் போட்டவரும் ஒரே கிளாஸ்லதான் டீ குடிக்கணும். பாத்திரத்தை வெள்ளைத் துணியால மூடி வெச்சிருப்போம்.

ஆறு. வேலை முடிஞ்ச பிறகு பள்ளிச் சுவத்துல நம்ம கொடியோ, பேரோ, கல்வெட்டோ வராது. சில தம்பிங்க முகம் சுளிக்கிறது தெரியுது. குழாயில தண்ணி வந்தா போதும்.

வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தியக் கடவுச்சீட்டு வெச்சிருக்கிறவங்க பள்ளிக் கணக்குக்கு அனுப்பலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினவங்க நேரடியா அனுப்ப வேண்டாம். வெளிநாட்டு நிதிக்குத் தனிச் சட்டம் இருக்கு, பள்ளிக்குச் சிக்கல் வந்துடும். 2022-ல அரசு தொடங்கின "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்துல வழி இருக்கான்னு விசாரிச்சு அனுப்புங்க.

கடைசியா பனை விதை. புரட்டாசியில குளக்கரையில நடுவோம். நாம கல்லணைக் கால்வாயோட கடைமடை. மேட்டூர் தண்ணி நமக்கு வந்து சேர்றதுக்குள்ள பாதி ஆடி ஓடிரும். குளம் நின்னாத்தான் நாம நிக்க முடியும். கஜாவுக்கு அடுத்த வருசம் பேராவூரணி பெரியகுளத்தை இளைஞர்களும் விவசாயிகளும் பணம் போட்டுத் தூர்வாரினாங்க, நாம எல்லாரும் பார்த்தோம். அந்த அளவு நம்மால முடியாட்டியும் கரையையாவது பலப்படுத்துவோம். இப்பவே பனம்பழம் விழுற இடத்துல கொட்டையைப் பொறுக்கி வைங்க. வீட்டுக்குப் பத்து கொட்டை போதும். பனை பலன் கொடுக்கப் பதினஞ்சு வருசத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள மூணு தேர்தல் வந்து போயிருக்கும். இருந்தாலும் நடுவோம்.

தோழர்களே, ஓட்டுக் கேட்டுப் போறப்போ ஊர் நம்மகிட்ட நூறு கேள்வி கேட்கும். அதுல முக்கால்வாசிக்கு மேடைப்பேச்சுல பதில் சொல்லிரலாம். அந்தக் கருவாட்டுக்கார ஆத்தா கேட்ட கேள்விக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஆடி கடைசி ஞாயிறு நான் அதைக் கூப்பிட்டிருக்கேன். "கணக்கு எண்ணும்போது பக்கத்துல உக்காந்துக்க ஆத்தா"ன்னு சொன்னேன். "வர்றேன், ஆனா டீயில சீனி கொறைச்சுப் போடு, எனக்குச் சர்க்கரை"ன்னுச்சு.

வந்துரும். நீங்களும் குடும்பத்தோட வாங்க.



#மொய்த்தேநீர் #நம்மஊர்நம்மபள்ளி