பதாகையில் நிற்கும் பெண்ணிடம் கேளுங்கள்



தீபாவளி நெருங்கும்போது கோலாலம்பூரின் இந்தப் பிரிக்பீல்ட்ஸ் வீதியில் நடந்து பாருங்கள். கிள்ளானில் தெங்கு கிளானா சாலைக்கும் போய்ப் பாருங்கள். துணிக்கடை வாசல்களில் பட்டுப் புடவையும் ஒட்டியாணமுமாக நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் பதாகைகளில் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். புடவையின் விலை நமக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள், அந்த ஒரே படத்தை இன்னும் எத்தனை தீபாவளிக்கு மாட்டுவார்கள் என்று யாராவது கேட்டோமா? படத்துக்குச் சிரிப்பதோடு நிற்காமல் இப்படி நியாயம் கேட்கப் புறப்பட்ட பெண்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

டெபோரா ஹென்றியை உங்களில் பலருக்குத் தெரியும். இந்தியத் தந்தைக்கும் ஐரிஷ் தாய்க்கும் பிறந்த மலேசியப் பெண். மாடலாக இருந்தவர். 2007இல் உலக அழகிப் போட்டிக்கும், 2011இல் பிரபஞ்ச அழகிப் போட்டிக்கும் நம் நாட்டின் சார்பில் போனவர். பத்திரிகைகளுக்கு அந்த இரண்டு வருடங்கள் பெரிது. எனக்கு நடுவில் இருக்கும் 2009 பெரிது. அந்த வருடம்தான் கோலாலம்பூரில் சோமாலிய அகதிப் பிள்ளைகளுக்கென்று ஃபியூஜி பள்ளி தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் அவர்.

அகதிப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி எதற்கு? 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை கையில் இருந்தாலும் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. தகப்பனுக்கு முறையாக வேலை செய்யும் உரிமையும் இல்லை. அந்த அட்டையை வைத்திருப்பவர்களில் இலங்கையிலிருந்து வந்த நம் தமிழர்களும் உண்டு என்பதை இந்த மேடையில் அழுத்திச் சொல்கிறேன். பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளி வாசலில் நின்ற பிள்ளைகளை நம் தோட்டப்புறங்கள் கண்டிருக்கின்றன. இந்த வலியை நமக்கு வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு பள்ளி தன்னிடம் வந்த பிள்ளையைப் படிக்க வைக்கும். வராத பிள்ளைக்குச் சட்டம் மாற வேண்டும். சட்டம் மாறக் கணக்கு வேண்டும். இங்கேதான் கொள்கை ஆய்வு வருகிறது. 2019இல் நம் கோலாலம்பூரில் இயங்கும் ஐடியாஸ் ஆய்வு நிறுவனம் ஒரு கணக்குப் போட்டது. அகதிகளுக்கு வேலை செய்யும் உரிமை கொடுத்தால், 2024 வாக்கில் நாட்டின் பொருளாதாரத்துக்கு ஆண்டுக்கு 300 கோடி ரிங்கிட்டுக்கு மேல் சேரும், வரியாக ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட்டுக்கு மேல் வரும் என்றது. இரக்கம் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டால் அலுவலகங்கள் அலைய விடலாம். இந்த எண்களோடு போனால் பதில் சொல்லியாக வேண்டும்.

மாடலாக இருந்தவர் தன் தொழிலையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும்? நியூயார்க்கில் நடந்ததைச் சொல்கிறேன். சாரா ஸிஃப் 14 வயதில் மாடலிங்குக்குள் வந்தவர். உடை கச்சிதமாகத் தெரிவதற்காக முதுகுப்பக்கம் குத்தி வைக்கும் ஊசிகள் படத்தில் தெரியாது. அப்படித் தெரியாமல் போனவை அந்தத் தொழிலில் ஏராளம். ஏஜென்சி சம்பளத்தில் எவ்வளவு பிடித்தது, எதற்குப் பிடித்தது, ஒப்பந்தத்தின் நகல் எங்கே, எதுவும் பிள்ளைகளுக்குத் தெரியாது. சாரா கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்தார். ஹார்வர்டின் கென்னடி பள்ளியிலும் பொது நிர்வாகம் படித்தார். 2012இல் மாடல் அலையன்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கி, சக மாடல்களிடம் வேலை நிலைமை பற்றிக் கருத்தாய்வு எடுத்தார். அடுத்த வருடமே, 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட மாடல்களுக்கும் குழந்தை நடிகர்களுக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று நியூயார்க் மாநிலம் சட்டம் இயற்றியது. 2024 டிசம்பரில் ஃபேஷன் தொழிலாளர் சட்டமும் வந்தது. ஏஜென்சியின் தரகு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஒப்பந்த நகலைக் கொடுத்தாக வேண்டும். செயற்கை நுண்ணறிவால் ஒருவரின் உருவத்தைச் செய்து பயன்படுத்தத் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். தன் சம்பளச் சீட்டைப் புரியாமல் பார்த்த பிள்ளைகள் இருந்த தொழிலுக்கு இத்தனை சட்டம்!

அது அமெரிக்கா, நமக்கு ஒத்து வருமா என்று கேட்பீர்கள். கேரளத்தின் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவுக்கு வாருங்கள். துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்கள், உட்கார ஒரு நாற்காலி கேட்டுப் போராடினார்கள். முன்னால் நின்ற விஜி ஒரு தையல்காரர். 2018இல் கேரளம் அதற்காகச் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. கால் வலி யாருக்கோ அவர்தான் நாற்காலியைக் கேட்டார்.

தாய்மார்களே, மாடலிங் போன மகள் 25, 26 வயதில் வாய்ப்பு குறைந்து வீட்டுக்கு வந்தால், "இனி என்ன?" என்று பெருமூச்சு விடாதீர்கள். கூலி, தரகு, நேரம், முதலாளியின் பேச்சு எல்லாம் நேரில் பார்த்தவள் அவள். அவளைப் பொருளாதாரமோ சட்டமோ புள்ளியியலோ படிக்க அனுப்புங்கள். கல்வி நிதி வைத்திருக்கும் நம் சங்கங்களை மன்றாடிக் கேட்கிறேன். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் கொடுக்கும் உதவியில் ஒரு பங்கை இதற்கும் ஒதுக்குங்கள். வயது கடந்துவிட்டது என்று மனுவைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

முன் வரிசையில் துணிக்கடை உரிமையாளர்கள் சிலர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். வரும் தீபாவளி விளம்பரத்துக்குப் பிள்ளைகளை அழைக்கும்போது எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். நகல் ஒன்றை அவர்கள் கையில் கொடுங்கள். படம் எத்தனை நாளைக்கு, எந்தெந்தக் கிளைக்கு என்று அதில் எழுதுங்கள். பணம் தரும் தேதியையும் எழுதுங்கள். 18 வயது நிரம்பாத பிள்ளையென்றால் அம்மாவோ அப்பாவோ கூட இருக்கட்டும். சம்மதிப்பவர்கள் இந்தக் கூட்டம் முடிந்ததும் மேடையருகே வாருங்கள், ஒப்பந்தத்தின் மாதிரியை இன்றே உட்கார்ந்து எழுதிவிடுவோம்.