குரக்கனும் குடலும் மூளையும்

(சங்க இளைஞர் கூட்டத்திலே நிகழ்த்திய பேச்சு)



சென்ற கூட்டத்திலே நம் மதிப்புக்குரிய முதியவர் ஒருவர் பேசுகையில், நெடுநாட் பழகிய நண்பரின் பெயர் நாவில் வராது திகைத்து நின்றார். பின்வரிசையிலே நம்மிற் சிலர் சிரித்துவிட்டோம். அச்சிரிப்புக்குப் பரிகாரமாகவே இன்று இந்தப் பொருளைப் பேச எடுத்துக்கொண்டோம். மறதி முதுமையின் விதி என்று கைவிட்டுவிடலாமா? நாம் உண்ணும் உணவுக்கும் நினைவுக்கும் தொடர்பு உண்டா?

தானியம், கீரை, பழம், தேயிலை ஆகியவற்றிலே பொலிபீனோல் எனப்படும் பொருள்கள் உண்டு. பல உணவுகளின் துவர்ப்புக்கும் நிறத்துக்கும் இவையே காரணம். நாம் உண்ணும்போது இவற்றிற் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படாமற் பெருங்குடலைச் சென்றடைகின்றது. அங்கே கோடானுகோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவை இவற்றை உடைத்துச் சிறுசிறு பொருள்களாக மாற்றுகின்றன. அவ்வாறு மாறியவையே இரத்தத்திற் கலக்கின்றன. அவற்றுட் சில மூளையின் காவலையும் கடக்கவல்லன என்று ஆய்வுகூடச் சோதனைகள் காட்டுகின்றன. அடுப்பிலே ஒரு சமையல். குடலிலே மறு சமையல்!

இதற்கு நம் நாட்டுச் சான்றும் உண்டு. வயம்ப பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அனோமா சந்திரசேகர அம்மையார், கனடாவிலே பேராசிரியர் ஷஹீதியுடன் சேர்ந்து குரக்கன் முதலிய சிறுதானியங்களை ஆராய்ந்தார். இரைப்பையும் குடலும் செய்யும் வேலையை ஆய்வுகூடத்திலே செய்வித்து, பின்னர் நுண்ணுயிர்களால் நொதிக்கச் செய்தனர். நாரோடு பிணைந்து கிடந்த பீனோற் பொருள்கள் அந்நொதிப்பிலே விடுபட்டன. இம்முடிவு 2012இல் வெளியாயிற்று. தவிட்டையும் நாரையும் நீக்கிய வெள்ளை மாவிலே இந்தச் செல்வத்திற் பெரும்பகுதி போய்விடுகின்றது.

இனி, நினைவின் சங்கதி. அமெரிக்காவிலே 3562 முதியோரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியொன்று 2023இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்குக் கொக்கோவிலிருந்து எடுத்த பிளவனோல் என்னும் பொலிபீனோல் நாள்தோறும் 500 மில்லிகிராம் கொடுக்கப்பட்டது. நமது தேநீரிலும் பிளவனோல் உண்டு. யார் எவ்வளவு பிளவனோல் உண்பவர் என்பதை அறிய, குடற் பற்றீரியாக்கள் ஆக்கிய பொருள்களையே சிறுநீரில் அளந்தனர். முன்பு குறைவாக உண்டுவந்தோருக்கு நினைவாற்றல் சற்றுத் தேறியது. ஏற்கெனவே நன்கு உண்டோருக்குக் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

ஆகவே, குரக்கன் மறதி நோயைத் தீர்க்கும் மருந்து என்று நாம் சொல்லமாட்டோம். நினைவுக்கென விற்கும் குளிகைகளை நம்பி ஏமாறவும் வேண்டா. எல்லார் குடலும் ஒன்றன்று. ஒரே மாதுளம்பழத்தை இருவர் உண்டால், ஒருவர் குடலில் உண்டாகும் பொருள் மற்றவர் குடலில் உண்டாகாமலும் போகலாம். மறதி மிகுமாயின் பெரியோரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே நம் கடன்.

ஆனால் அன்றாட உணவு நம் கையில் இருக்கின்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலையானதும் நாம் கடை ரொட்டியால் வயிற்றை நிரப்பிக்கொண்டு வீடு சேர்கின்றோம். வீட்டிலே பாட்டி அவித்த குரக்கன் பிட்டு ஆறிக் கிடக்கின்றது. அது நீரிழிவுக்காரர் உணவு என்று ஒதுக்குகின்றோம். குடலிலுள்ள நல்ல பற்றீரியாக்கள் நாரை உண்டு வாழ்பவை. நாம் நாரை மறந்தால் அவை பட்டினி கிடக்கும். இன்று உண்பது இன்றைக்கு மட்டுமன்று. நாற்பது ஆண்டு கழித்து நாமும் ஒரு மேடையிலே ஒரு பெயரைத் தேடி நிற்கக்கூடும்.

எனவே இரண்டு வேண்டுகோள். சங்கக் கூட்டங்களிற் சிற்றுண்டியாகக் குரக்கன் பிட்டும் வெறுந்தேநீரும் வழங்குவோம். வீட்டிலே குரக்கனையும் கீரையையும் தீட்டாத சிவப்பரிசியையும் பெரியோருடன் ஒன்றாக அமர்ந்து உண்போம். அவர்கள் ஒரு பெயரை மறந்து நின்றால், சிரியாது, அப்பெயரை மெல்ல எடுத்துக் கொடுப்போம்.